டிச் பட்டன் வாத்தியாரின் தோல்

கல்லூரியில் எனக்குப் பட்டப்பெயர் டிச் பட்டன். அது எனக்குத் தெரியாது என்று மாணவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். இதைவிட மோசமான பெயரெல்லாம் எங்கள் துறையில் உண்டு.

பெயருக்குக் காரணம் ஒரு பழைய மழைக்கோட்டு. செல் உயிரியலில் டெஸ்மோசோம் பாடம் வரும் வாரம் அந்தக் கோட்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். தஞ்சாவூர் வெயிலில், காற்றாடி பாதி சுற்றியும் சுற்றாமலும் இருக்கும் வகுப்பறையில், ஒரு விலங்கியல் வாத்தியார் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்துவேன். டிச், டிச், டிச். "நம்ம தோலில் ஒரு செல் பக்கத்துச் செல்லோடு இப்படித்தான் பட்டன் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டன்தான் டெஸ்மோசோம். இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கை நீட்டி ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற புரதம் இருக்கிறதே, அதில் முக்கியமானது டெஸ்மோக்ளீன்" என்பேன். பிறகு கோட்டைப் பிடித்து இழுத்துக் காட்டுவேன். ஒரு வருடம் பட்டன் விடவில்லை, துணிதான் கிழிந்தது. "பார்த்தீங்களா, அவ்வளவு கெட்டி!" என்று அதையும் பாடமாக்கிவிட்டேன். வீட்டில் என் மனைவி தையல் போட்டாள்.

கடைசியில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். இந்தப் புரதம் மட்டும் இல்லையென்றால், காலையில் முகம் கழுவும்போது முகமும் சோப்போடு போய்விடும். வருடா வருடம் அதே இடத்தில் சொல்வேன். வருடா வருடம் புதுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாத்தியார் வேலையில் உள்ள பெரிய சௌகரியம் அது.

நாங்கள் நடத்துகிற பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் முடிவில் ஒரு கட்டம் கட்டி, பொடி எழுத்தில் ஏதோ நோய்களைப் பற்றிப் போட்டிருக்கும். "கட்டத்துக்குள் இருக்கிறது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். பரீட்சைக்கு வராது என்று சொன்னவன் நான்தான். வேறு எங்காவது வருமா என்று யாரும் கேட்கவில்லை.

தை மாதம், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் அறுவடை மிஷின் இறங்கியிருந்த சமயத்தில், எனக்கு வாயில் புண் வந்தது. முதலில் கன்னத்தின் உட்புறம், பிறகு ஈறு, பிறகு அண்ணம். எங்கள் பக்கத்தில் தலைமுதல் கால்வரை எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர் சூடு. தலைவலியா, சூடு. கண் எரிச்சலா, சூடு. பையன் பத்தாம் வகுப்பில் ஃபெயிலா, அதற்கும் யாராவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். என் புண்ணும் சூட்டுக் கணக்கில் சேர்ந்தது. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், நெய், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை என்று எல்லாம் ஆயிற்று. காரக்குழம்பு போய், ரசம் போய், கடைசியில் மோர்சாதத்தில் வந்து நின்றேன். அதுவும் எரிந்தது.

என் மனைவி ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். பேச்சு குறைவு. எங்கள் வீட்டில் பேச்சு மொத்தமும் என் பங்கு. அவள் மட்டும் மாசி பிறந்ததிலிருந்து டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கல்லூரி வேலை, விடைத்தாள், கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் கமிட்டி என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகத்துக்குப் பின்னால் நின்று கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை போடுகிற பழக்கம் எனக்கு உண்டு. புகையிலையும் கொஞ்சம். வெற்றிலை, புகையிலை, ஆறாத வாய்ப்புண். மூன்றையும் கூட்டினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பயந்தாங்கொள்ளி நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆயுள் முழுக்கத் தவளை அறுத்தவனுக்கும் வாயால்தான் கேடு வந்தது.

பங்குனியில் நெஞ்சில் ஒரு கொப்புளம் கிளம்பியது. அடுத்து முதுகில். அந்த வாரம் பார்த்து அக்கா வந்தாள்.

அக்கா எனக்கு மூத்தவள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் நிலத்தைத் தானே நின்று பார்த்துக்கொள்கிறாள். நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து வீடு வந்ததும் எனக்கு ஒரு பை கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அப்படி வந்தவள், பனியனுக்கு மேல் எட்டிப் பார்த்த கொப்புளத்தைக் கண்டதும் உளுந்துப் பையைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா வந்திருக்காடா" என்றாள்.

அம்மை. பங்குனி வெயில், கொப்புளம், உடம்பெல்லாம் எரிச்சல். எங்கள் ஊரில் இதற்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறிவிட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. நான் நடுக்கூடத்தில் வேப்பிலை பரப்பிய பாயில் கிடந்தேன்.

என் மனைவி மறுத்தாள். வாயில் புண் வந்து மாதக்கணக்காகிறது, அம்மை என்றால் இப்படியா வரும் என்று கேட்டாள். கேள்வி சரியான கேள்வி. பதில் சொன்னது அக்கா அல்ல, நான். பெரியவர்களுக்கு வரும் சின்னம்மை வேறு மாதிரி இருக்கும், வைரஸ் நரம்பில் ஒளிந்திருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்ததால்தான் முதலில் வாய்ப்புண் வந்தது என்று படுத்த வாக்கிலேயே ஒரு வகுப்பு எடுத்தேன். அக்கா சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் கொடுத்த பெருமை என்னைச் சேரும். ஏன் கொடுத்தேன் என்றால், அம்மை என்றால் இறங்கிவிடும். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் எழுந்து போய்விடலாம். நான் பயந்த அந்த இன்னொன்று அப்படிப் போகாது.

இன்னொரு காரணமும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மை கண்டவரை அம்மனாகவே நடத்துவது வழக்கம் அல்லவா? பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்று கூப்பிட்ட அக்கா, "தாயே, இளநீர் குடிக்கிறீங்களா? தாயே, விசிறட்டுமா?" என்று கேட்டாள். துறைத்தலைவர் பதவிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு அருள்பாலித்தேன்.

கொப்புளங்கள் காயவில்லை. உடைந்தன. உடைந்த இடம் பச்சைப் புண்ணாக நின்றது. பக்கத்தில் புதிதாகக் கிளம்பின. ஆனாலும் அக்கா கோயிலில் கேட்டுவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு நாள் குறித்தாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். கொல்லைப்பக்கம் மணையில் உட்கார்ந்தேன். அக்கா தலையில் ஊற்றினாள். வேப்பிலை மஞ்சள் அரைத்த விழுதை எடுத்து, சின்ன வயதில் தேய்த்த மாதிரியே, முதுகில் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள்.

அவள் கை நின்றுவிட்டது. எனக்கு முதலில் வலிக்கவில்லை. ஏதோ ஈரத்துணி நழுவின மாதிரி இருந்தது. பிறகுதான் தீ வைத்த மாதிரி வலி வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் முதுகுத்தோல் அக்காவின் உள்ளங்கையில் இருந்தது.

நல்ல தோல் அது. கொப்புளமே இல்லாத இடம். சமையலறை வாசலில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மாணவிகள் வயதுதான் இருக்கும். முதுகைப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொன்னார். எத்தனை மாதமாக என்று கேட்டார். பிறகு தோளில், புண் இல்லாத இடத்தில், கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தித் தள்ளினார். பாலாடை ஒதுங்குகிற மாதிரி தோல் ஒதுங்கியது.

"என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார். கல்லூரியில் விலங்கியல் நடத்துவதாகச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு ஈஸியா புரியும் சார். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல டெஸ்மோசோம்னு ஒண்ணு இருக்கு. பட்டன் மாதிரி வச்சுக்குங்களேன்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மழைக்கோட்டுக்குத் தையல் போட்டவள் அல்லவா? வாயால் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டர் தொடர்ந்து சொன்னார். உடம்பு கிருமியை அடிப்பதற்காகச் செய்கிற எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் சொந்த டெஸ்மோக்ளீனையே பிடித்துக்கொள்கிறது. பட்டன் விட்டுப்போகிறது. செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, நடுவில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. பெரும்பாலும் வாயில்தான் ஆரம்பிக்கும். நோயின் பெயர் பெம்ஃபிகஸ். கட்டத்துக்குள் பொடி எழுத்தில் போட்டிருந்ததே, அதேதான். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். இத்தனை வருடம் நான் பாடம் எடுத்த புரதம் என் வாய்க்குள்ளேயே அவிழ்ந்துகொண்டிருந்தது, நான் மணத்தக்காளி தின்றுகொண்டிருந்தேன்.

என்னைக் கூசவைத்தது இன்னொன்று. சின்னத் துண்டு தோலெடுத்துப் பரிசோதித்த படத்தை டாக்டர் மறுவாரம் காட்டினார். செல்களுக்கு நடுவில் ஒட்டியிருந்த எதிர்ப்பொருள் பச்சை நிறத்தில், மீன்வலை விரித்த மாதிரி ஒளிர்ந்தது. "அழகா இருக்கே!" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் அவள் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"பொழைச்சுக்குவாருங்களா?"

முன்பெல்லாம் கஷ்டம், இப்போது மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்டு கொடுப்போம், ஆனால் அதே மருந்து கிருமியை எதிர்க்கிற சக்தியையும் குறைக்கும். தோல் மூடுவதற்குள் புண் வழியாகக் கிருமி போய்விட்டால் ஆபத்து. பிறகு அவளைப் பார்த்து, "கையைப் புடிச்சுத் தூக்காதீங்கம்மா. எங்கயும் இறுக்கிப் புடிக்கவே கூடாது. புடிச்சா கழண்டுடும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து என்னைத் தொட வேண்டியிருந்தால், தோசைக்கரண்டி விடுவதுபோல விரித்த உள்ளங்கையை அடியில் கொடுத்துத்தான் தொட்டாள்.

வார்டில் போர்வை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எடுத்தால் தோலும் வந்தது. உடம்பில் ஒட்ட வேண்டியதெல்லாம் விட்டுவிட்டது, ஒட்டக் கூடாதது ஒட்டியது. வார்டு நர்ஸ் வாழை இலை வாங்கிவரச் சொன்னார். குருத்து இலையாக, கிழிசல் இல்லாமல். எதனோடும் ஒட்டாது, குளிர்ச்சி என்றார். இலைக்கடைக்காரர் என் மனைவியிடம் கேட்டாராம், எத்தனை பேர் பந்தி என்று. ஒருத்தர்தான் என்றாளாம்.

நர்ஸ் சுத்தம் செய்து கொடுத்த இலைகளை அவள்தான் கட்டிலில் பரப்பினாள். பரப்பியவள், பழக்க தோஷம், ஒவ்வோர் இலையையும் நுனி இடப்பக்கம் வருமாறு போட்டாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தே வயிறு வளர்த்தவன், இலைமேல் பரிமாறப்பட்டேன். வாய் எரிய எரிய, "சாம்பார் எப்ப வரும்?" என்று கேட்டேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தோள் குலுங்கியது. பரவாயில்லை, இந்த நிலைமையிலும் நம்ம ஜோக் எடுபடுகிறது என்று நினைத்தேன். அவள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப்போல் ஒரு மடையன் தஞ்சாவூர் ஜில்லாவில் இருக்க முடியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஜோக் இல்லை. காய்ச்சல் வந்தது. மருந்து ஏறியும் புதுக் கொப்புளங்கள் கிளம்பின. டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். மருந்தை மாற்றினார்கள். நான் பயந்தேன். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்ததெல்லாம் இதன் முன்னால் பயமே இல்லை. உடம்பு என்பது சேர்ந்தே இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சேர்த்துப் பிடித்திருப்பது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிடியை நான் அதுவரை ஐந்து மார்க் கேள்வியாக மட்டுமே பார்த்திருந்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலிலேயே நின்றாள். உயிரோடு இருப்பவனை இலையில் கிடத்துவதா என்று ஆரம்பத்தில் போனில் சத்தம் போட்டவள், கட்டு இலையோடு வந்திருந்தாள். அவள் கொல்லையில் வெட்டிய குருத்து. கட்டிலுக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். வந்து, தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் கையோடயே வந்துடுச்சேடா."

அவள் தேய்த்ததால் வந்த நோய் இல்லை, அவள் தேய்த்ததால்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தோம் என்றேன். அது உண்மை. இன்னும் கொஞ்ச நாள் நான் அம்மனாகக் கிடந்திருந்தால் மாலை போட்டுத்தான் தூக்கியிருப்பார்கள். அவள் கேட்டாளா என்று தெரியாது. அதன் பிறகு நான் வார்டில் இருந்தவரை திருத்துறைப்பூண்டியிலிருந்து காலை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டு இலை வந்துகொண்டிருந்தது. என் மனைவி பஸ் ஸ்டாண்டில் இறக்கி எடுத்து வருவாள். இரண்டு பேருக்கும் அம்மை விஷயத்தில் மனஸ்தாபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இலைக்கட்டைப் பற்றித் தவிர அவர்கள் வேறு பேசிக்கொண்டதாகவும் தெரியவில்லை.

ஒரு காலை புதுக் கொப்புளம் இல்லை. மறுநாளும் இல்லை. புண்களின் ஓரத்திலிருந்து தோல் மெல்ல உள்நோக்கி வந்தது. அடிவரிசைச் செல்கள் எப்போதும் தரையை விடவில்லை, அவை வேறு புரதத்தால் கீழே பிடித்திருப்பவை, அதனால் தழும்பு பெரிதாக இராது என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தடவை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டீராய்டு என் முகத்தைப் பணியாரம் மாதிரி உப்ப வைத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, ரெஸ்ட் எடுத்ததில் ஆள் நன்றாகத் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டார். பசியோ பகாசுரப் பசி. வெற்றிலைப் பெட்டியை என் மனைவி எங்கே போட்டாள் என்று கேட்கிற துணிச்சல் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் மட்டும் அந்த விரித்த உள்ளங்கையை விடவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டினால்கூட விரல் படாமல் நீட்டினாள். படுக்கையில் நடுவே ஒரு தலையணை. டாக்டர் சரியாகிவிட்டது என்று சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவள் பிடித்து, கழன்று வந்துவிட்டால்? அப்புறம் அவள் எப்படித் தூங்குவாள்?

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. மறுபரிசோதனைக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டைக் கடந்தோம். நான் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இறங்கினேன். இந்த மருந்து எந்தச் செல்லைக் குறிவைக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். நாகப்பட்டினம் பஸ் ஒன்று ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வளைந்தது. என் புஜத்தில் ஒரு பிடி விழுந்தது. முழுப் பலத்தோடு, இறுக்கி, என்னை அப்படியே பின்னால் இழுத்தது. பஸ் என் வேட்டி நுனியை உரசிக்கொண்டு போனது.

அவள் சட்டென்று கையை எடுத்தாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. பிறகு என் அரைக்கைச் சட்டையை மேலே தள்ளி, பிடித்த இடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல்கள் பதிந்த சிவப்புத் தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கியது. அவள் கட்டைவிரலை வைத்து, டாக்டர் செய்த மாதிரியே, மெல்ல அழுத்தித் தள்ளினாள். தோல் ஒதுங்கவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள்.

"இருக்குங்க" என்றாள். அப்படியே ரோட்டோரம் நின்று அழுதாள். பூக்காரம்மா, ஷேர் ஆட்டோக்காரர் எல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள், பொண்டாட்டியை நடுரோட்டில் அழவைத்த பாவி என்று.

எனக்கும் அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். டெஸ்மோக்ளீன் திரும்பவும் சேர்வதற்குக் கால்சியம் ரொம்ப முக்கியம் என்று ஆரம்பித்தேன்.

"பேசாம வாங்க" என்றாள்.

அதே இடத்தில் திரும்பவும் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை. கொஞ்சம் வலித்தது. நான் சொல்லவில்லை.